கிளாரா அனாயியின் பாட்டி

அர்ஜென்டினாவின் லா பிளாட்டா நகரத்தில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். கட்டம் போட்ட தாளில் வரைந்ததுபோலத் திட்டமிட்டுக் கட்டிய ஊர் அது. அங்கே 30ஆம் எண் தெருவில் 1134ஆம் எண் வீட்டின் முன்சுவரில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆள் தலையை நுழைத்து உள்ளே எட்டிப் பார்க்கலாம். சுவர் முழுக்கக் குண்டுத் தடங்கள். கொல்லையில் ஓர் எலுமிச்சை மரம். யாரும் அந்த ஓட்டையை அடைக்கவில்லை, சுவருக்குச் சுண்ணாம்பும் அடிக்கவில்லை. அடிக்க விடவில்லை என்பதுதான் சரி. அப்படிக் காத்து நின்றவர் மரியா இசபெல் சொரோபிக் தே மரியானி. ஊருக்கும் உலகத்துக்கும் அவர் சிச்சா.

1976 நவம்பர் 24, புதன்கிழமை. அன்று மதியம் அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. ஆகஸ்ட் 12ஆம் தேதி பிறந்தவள். மூன்று மாதம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பெயர் கிளாரா அனாயி. பொழுது சாய்வதற்குள் வீடு இடிபாடாகிவிட்டது. குழந்தையைக் காணோம். சிச்சா அந்தக் குழந்தையின் அப்பாவைப் பெற்றவர், நம் ஊர் வழக்கில் அப்பத்தா. அன்றிலிருந்து ஏறக்குறைய 42 ஆண்டுகள், கண் மூடும் வரை, அவர் பேத்தியைத் தேடிக்கொண்டே இருந்தார்.

அனாயி என்பது குவரானி பழங்குடி மக்களின் கதையில் வரும் பெண். எதிரிகள் அவளைக் கட்டிவைத்து எரிக்க, விடிந்து பார்த்தால் அங்கே செந்நிறப் பூக்களோடு ஒரு மரம் நிற்கிறது. சேய்போ என்ற அந்த மரத்தின் பூதான் அர்ஜென்டினாவின் தேசியப் பூ. நம் வேலியோரத்துக் கல்யாண முருங்கைக்கு நெருங்கிய சொந்தம்.

சிச்சா 1923 நவம்பர் 19 அன்று பிறந்தவர். கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியை. கணவர் இசைக் கலைஞர். ஒரே மகன் டேனியல் பொருளாதாரம் படித்தவன். மருமகள் டயானா தெருகி இலக்கிய மாணவி. டயானாவின் அப்பா மரியோ தெருகி நாடறிந்த நிலவியல் அறிஞர். புத்தகமும் இசையும் நிறைந்த வீடுகள் இரண்டு சம்பந்தம் செய்துகொண்டிருந்தன. அந்தப் பாட்டிக்கு அரசியல் தெரியாது. மகனும் மருமகளும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் முழுசாகத் தெரியாது.

அவர்கள் மொன்டொனேரோஸ் என்ற ஆயுதமேந்திய இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். வெளியே பார்த்தால் முயல் வளர்த்து, அந்தக் கறியை வினிகரில் ஊறவைத்து விற்கும் சின்ன வியாபாரம். பின்னால் ஒரு பொய்ச்சுவர். அந்தச் சுவருக்குள் ரகசிய அச்சகம். இயக்கத்தின் பத்திரிகை அங்கேதான் அச்சானது. சிறுமியாக அந்த வீட்டில் சில காலம் தன் தாயோடு ஒளிந்திருந்த லாரா அல்கோபா, பின்னாளில் எழுத்தாளராகி, ‘முயல்களின் வீடு’ என்று ஒரு நாவலே எழுதினார்.

1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. தளபதி விடேலாவின் காலம். ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். வழக்கு கிடையாது, பிணமும் கிடையாது. ‘காணாமல் போனார்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கதை முடிந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் 30,000 பேர் அப்படிப் போனதாக மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. அந்தக் கொடுமைக்குள் இன்னொரு கொடுமையும் இருந்தது. பிடிபட்டவர்களில் கர்ப்பிணிகள் இருந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் இருந்தார்கள். கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை உயிரோடு வைத்திருந்து, குழந்தையைப் பிரித்தெடுத்துவிட்டு, தாயைக் கொன்றார்கள். குழந்தைகள் ராணுவ, காவல்துறைக் குடும்பங்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. வேறு பெயர், வேறு பிறந்தநாள், வேறு அப்பா அம்மா. அப்படிப் பறிபோனவர்கள் சுமார் 500 பேர் என்பது பாட்டிகளின் கணக்கு.

நவம்பர் 24 அன்று அந்த வீட்டைச் சுற்றி வளைத்தது ராணுவமும் காவல்துறையும் சேர்ந்த ஒரு பெரும்படை. மேலே ஹெலிகாப்டர் வட்டமிட்டது. தாக்குதல் மணிக்கணக்கில் நீண்டது. சிச்சா தன் வீட்டிலிருந்தபடியே அந்த வெடிச்சத்தத்தைக் கேட்டார். தன் பிள்ளைகளின் வீடுதான் அது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. டயானாவோடு உள்ளே இருந்த நான்கு பேரும் செத்தார்கள். டயானா விழுந்தது கொல்லைப்புறத்தில், அந்த எலுமிச்சை மரத்தருகே. டேனியல் அன்று வீட்டில் இல்லாததால் தப்பினான். எட்டு மாதம் கழித்து, 1977 ஆகஸ்டில், அவனையும் கொன்றுவிட்டார்கள்.

குழந்தை தீயில் கருகிவிட்டது என்றார்கள். சிச்சா நம்பவில்லை. குழந்தையை உயிரோடு தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் உண்டு என்ற செய்தி மெல்ல மெல்ல அவர் காதுக்கு வந்தது. காவல் நிலையம், படைமுகாம், நீதிமன்றம், அனாதை இல்லம் என்று 53 வயதில் படியேறத் தொடங்கினார். உதவி கேட்டுத் திருச்சபைக்கும் போனார். அங்கே ஒரு மூத்த குரு, குழந்தை நல்ல இடத்தில் இருக்கிறாள், வைத்திருப்பவர்களைத் தொந்தரவு செய்யாமல் ஜெபம் பண்ணுங்கள் என்று சொன்னதாகச் சிச்சா பிறகு பல இடங்களில் சொன்னார். பக்தியோடு வளர்ந்த பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஆனால் ஒன்று உறுதியாயிற்று. குழந்தை உயிரோடு இருக்கிறாள்.

ஆரம்பத்தில் தனக்கு மட்டும்தான் இப்படி நடந்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சிறார் நீதிமன்றத்தில் வேலைபார்த்த ஒரு பெண்மணிதான் அந்தத் தனிமையை உடைத்தார். உங்களைப் போலவே பேரப்பிள்ளையைத் தேடி இன்னொரு அம்மாவும் வருகிறார் என்று சொல்லி, முகவரியும் கொடுத்தார். சிச்சா போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் அலிசியா தே லா குவாட்ரா, செல்லமாக லிச்சா. அவருடைய மகள் சிறையில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றிருந்தாள். மகளும் இல்லை, பேத்தியும் இல்லை. சிச்சாவும் லிச்சாவும் உட்கார்ந்து பேசிய அந்தப் பேச்சிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

1977 நவம்பர் 21 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் புவேனஸ் அயர்ஸ் வந்தார். சான் மார்ட்டின் சதுக்கத்தில் அவர் மலர்வளையம் வைக்கும் நேரத்தில் காணாமல் போனவர்களின் தாய்மார்கள் தங்கள் மனுக்களோடு திரண்டார்கள். சுற்றிலும் ஆயுதம் தாங்கிய படையினர். சிச்சாவும் போயிருந்தார். கையில் கடிதம் இருக்கிறது, கால் நகரவில்லை. பயத்தில் உறைந்து நின்றுவிட்டார். அப்போது அன்னையர் இயக்கத்தைத் தொடங்கிய அசுசேனா வில்லாஃப்லோர் வந்து, கொடுத்துவிட்டாயா என்று கேட்டு, இல்லை என்றதும் அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்து கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 10 அன்று அசுசேனாவையே தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. கால் நகராமல் நின்ற சிச்சா, அதற்குப் பிறகு யார் முன்னாலும் அப்படி நின்றதில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பைத்தான் உலகம் ‘பிளாசா தே மாயோ பாட்டிகள்’ என்று அறிகிறது. ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே உள்ள சதுக்கத்தின் பெயர் பிளாசா தே மாயோ. தலையில் வெள்ளைத் துணி. தங்கள் குழந்தைகளின் அணையாடைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டதில் பிறந்த அடையாளம் அது.

கூட்டம் போடத் தடை இருந்த காலம். பாட்டிகள் புவேனஸ் அயர்ஸின் ‘லாஸ் வியோலெத்தாஸ்’ போன்ற பழைய தேநீர் விடுதிகளில் கூடுவார்கள். பிறந்தநாள் கொண்டாட வந்த கிழவிகள் மாதிரி மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கேக்குக்கு நடுவே காகிதங்களைக் கைமாற்றுவார்கள். தொலைபேசியில் பேசுவதற்கென்று ஒரு குழூஉக்குறி வைத்திருந்தார்கள். ‘நாய்க்குட்டிகள்’ என்றால் குழந்தைகள். ‘வெள்ளை மனிதர்’ என்றால் போப்பாண்டவர். ஒற்று கேட்பவனுக்கு இரண்டு வயதான பெண்கள் ஏதோ வீட்டு விஷயம் பேசுவதுபோல இருக்கும். சந்தேகத்துக்குரிய வீடுகளின் தெருவில் நடந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்று, மணி அடித்ததும் ஓடிவரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்கள். மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது?

முகச்சாயல் ஆசையைத் தூண்டும். நீதிமன்றத்தில் அது செல்லாது. சிச்சா செய்த பெரிய காரியம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒருநாள் உள்ளூர் நாளிதழில் ஒரு செய்தி. ஒருவன் தன் குழந்தையைத் தன்னுடையதல்ல என்கிறான். ரத்தப் பரிசோதனையில் தந்தை அவன்தான் என்று தெரிந்துவிட்டது. அதைப் படித்த சிச்சாவுக்கு ஒரு கேள்வி எழுந்தது. அப்பாவின் ரத்தம் பேசுமென்றால் பாட்டியின் ரத்தம் பேசாதா? பெற்றவர்கள் இருவரும் இல்லாதபோது, தாத்தா பாட்டியின் ரத்தத்தை வைத்தே பிள்ளையை அடையாளம் காண முடியாதா? கலை வரலாறு படித்த ஒரு பெண்ணின் கேள்வி அது. நாடு நாடாகப் போய், மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி, பாட்டிகள் இதையே கேட்டார்கள். கையை விரித்தவர்கள்தான் அதிகம்.

1982இல் சிச்சாவும், பின்னாளில் அமைப்பின் தலைவரான எஸ்தெலா தே கார்லோத்தோவும் அமெரிக்கா போனார்கள். அங்கே நாடு கடந்து வாழ்ந்த அர்ஜென்டின மரபியல் மருத்துவர் விக்டர் பென்சஸாதே அவர்களுக்கு வழிகாட்டினார். கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த மரபியலாளர் மேரி-கிளேர் கிங் இதற்கான கணக்கை வகுத்தவர்களில் முக்கியமானவர்.

கணக்கின் அடிப்படை எளிது. நம் உடலின் செல்களில் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் எண்ணற்ற வகைகள் உண்டு. குழந்தைக்கு ஒரு பாதி தாயிடமிருந்தும் ஒரு பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. அவர்களுக்கு அது வந்தது அவரவர் பெற்றோரிடமிருந்து. ஆகவே நான்கு தாத்தா பாட்டிகளின் வகைகளும் தெரிந்தால், நடுவில் இருக்கும் இருவர் இல்லாமலேயே கணக்குப் போடலாம். ஒருவர் இறந்திருந்தால் அத்தை, மாமன், சித்தப்பா என்று அந்த இடத்தை நிரப்பலாம். இந்தக் குழந்தை இந்தக் குடும்பத்தில் பிறந்ததற்கான வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கு ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணுக்கு ஸ்பானிய மொழியில் பாட்டிகளின் பெயரையே வைத்தார்கள். தமிழில் ‘பாட்டிமைக் குறியீடு’ என்று சொல்லலாம். கிங் பிறகு மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும் இதற்குப் பயன்படுத்தினார். அது தாய் வழியாக மட்டுமே இறங்குவது. அம்மாச்சியிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேரப்பிள்ளைக்கு ஏறக்குறைய மாறாமல் வரும். சிச்சா அப்பத்தா. இந்தச் சோதனையால் பயனடைந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் கிளாரா அனாயிக்கு அந்தத் தடயம் தெருகி குடும்பத்தின் வழியாகத்தான் கிடைத்தாக வேண்டும்.

1983 டிசம்பரில் ராணுவ ஆட்சி முடிந்தது. அடுத்த ஆண்டே இந்த முறையால் முதல் குழந்தை கிடைத்தாள். 23 மாதக் குழந்தையாகப் பெற்றோருடன் உருகுவேயில் கடத்தப்பட்டவள். ஒரு காவல்துறைக்காரர் தன் சொந்த மகளாகப் பதிவு செய்து வளர்த்துவந்தார். நீதிமன்ற ஆணைப்படி எட்டு வயதில் பாட்டி வீட்டுக்கு வந்தாள். வரும்போது அழுகையும் கோபமும். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும், குழந்தையாகத் தூங்கிய அறைக்கு நேராகப் போய்த் தன் பொம்மை எங்கே என்று கேட்டாளாம். மேரி-கிளேர் கிங் பிற்பாடு சொன்ன கதை இது.

1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டமாயிற்று. உலகில் இப்படியொரு வங்கி அதற்கு முன்பு இருந்ததில்லை. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை எழுதியபோதும் பாட்டிகள் விடவில்லை. தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை குழந்தைக்கு உண்டு என்ற 8ஆம் பிரிவு 1989இல் அதில் இடம்பெற்றதற்குப் பின்னால் அவர்களின் உழைப்பு இருக்கிறது. இன்று இந்தியா உட்பட உலக நாடுகள் ஏறத்தாழ எல்லாமே ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது.

இந்த ஆண்டுகளில் பாட்டிகளின் தலைவர் சிச்சாதான். 1989இல் கருத்து வேறுபாட்டால் அமைப்பைவிட்டு விலகினார். தான் தொடங்கியதாயிற்றே என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் அல்ல அவர். சரியென்று பட்டதைச் சொல்வார், சொல்லிவிட்டுத் தன் வழியில் நடப்பார். பிறகு பேத்தியின் பெயரிலேயே ஓர் அமைப்பு தொடங்கித் தேடலைத் தொடர்ந்தார். அந்த வீட்டைப் பாதுகாத்து நினைவிடமாக்கினார். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அந்தச் சுவர் ஓட்டையின் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

அன்றைய காவல்துறைப் புலனாய்வுத் தலைவர் மிகேல் எச்சேகோலாட்ஸ் 2006இல் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். அவர்மீது நிரூபிக்கப்பட்ட கொலைகளில் டயானாவின் கொலையும் ஒன்று. ஆயுள் தண்டனை. சிச்சாவுக்கு அந்தத் தண்டனையைவிட ஒரு பதில் வேண்டியிருந்தது: குழந்தையை யாரிடம் கொடுத்தீர்கள்? நீதிமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அவர் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். 2022இல் சாகும்வரை எச்சேகோலாட்ஸ் வாய் திறக்கவில்லை. தெரிந்தே ஒருவர் அப்படி மௌனம் காத்தது, அந்த நவம்பர் மதியம் நடந்த கொடுமைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பேத்தியின் பிறந்தநாளையொட்டிச் சிச்சா எழுதும் பகிரங்கக் கடிதங்களை நாடே படித்தது. எங்கேயோ, வேறு பெயரில், தன்னைத் தேடுகிறார்கள் என்றே தெரியாமல் வாழும் ஒரு பெண்ணுக்கு எழுதியவை. உன் அப்பா அம்மா யார், உன் தாத்தாக்கள் யார், எங்கே என்னைத் தேடி வரலாம் என்பதைச் சொல்லும் கடிதங்கள். பேத்திக்கு 20 வயதானபோது அந்த வயதுப் பெண்ணுக்குப் பேசுகிற மாதிரி. 30 வயதானபோது அதற்கேற்ற மாதிரி. எழுதுகிறவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது.

ஈழத்து வாசகருக்கு இது புதிய கதையல்ல. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியிலிருந்து காணாமல் போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சாலையோரக் கொட்டகையில் உட்கார்ந்த அம்மாக்களும் அம்மம்மாக்களும் கேட்பது சிச்சா கேட்ட அதே கேள்வியை. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

2015 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். கிளாரா அனாயி கிடைத்துவிட்டாள் என்று சிச்சாவின் அமைப்பு அறிவித்தது. தனியார் ஆய்வகம் ஒன்றின் சோதனை முடிவோடு ஒரு பெண் அவர் வீட்டுக்கு வந்திருந்தார். 92 வயதுக் கிழவி அந்தப் பெண்ணைக் கட்டியணைத்துக்கொண்ட படம் உலகமெங்கும் போனது. நாடே அழுதது. மறுநாள் பொழுது முடிவதற்குள் தேசிய மரபணு வங்கியின் முடிவு வெளியே வந்தது: அந்தப் பெண் அவருடைய பேத்தி இல்லை. எந்த வங்கி உருவாவதற்காகச் சிச்சா நாடு நாடாக அலைந்தாரோ, அந்த வங்கிதான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு நாள் அவர் என்னவாக இருந்திருப்பார் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் அவர் தேடலை நிறுத்தவில்லை.

அவரோடு தொடங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று? எஸ்தெலாவின் பேரன் 2014 ஆகஸ்டில் கிடைத்தார். 36 ஆண்டுக் காத்திருப்பு. அதே மாதத்தில் லிச்சாவின் பேத்தியும் கிடைத்தார். லிச்சா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2025 ஜூலை வரை 140 பேர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். மீதிப் பேரில் பலர் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள், அவர்களுக்கே பேரப்பிள்ளைகள் பிறக்கும் வயது.

சிச்சா 2018 ஆகஸ்ட் 20 அன்று லா பிளாட்டாவில் காலமானார். வயது 94. பேத்தியின் 42ஆம் பிறந்தநாள் கழிந்து எட்டு நாட்கள் ஆகியிருந்தன.

அர்ஜென்டினாவில் 1970களின் பிற்பகுதியில் பிறந்த ஒருவருக்கு இன்று தன் பிறப்பைப் பற்றிச் சந்தேகம் வந்தால், பாட்டிகளின் அலுவலகத்துக்கோ அரசின் அடையாள உரிமை ஆணையத்துக்கோ போகலாம். சில துளி ரத்தம் எடுப்பார்கள். வங்கியில் இருக்கும் எல்லாக் குடும்பங்களோடும் அதை ஒப்பிடுவார்கள். மரியானி, தெருகி குடும்பங்களின் மாதிரிகளும் அந்த வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்தத் தரவுகளைக் குறைந்தது 2050 வரை பாதுகாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஆண்டு கிளாரா அனாயிக்கு 74 வயது நிறையும்.